உபரி டியூப்

போனிலேயே டார்ச் இருக்கும்போது தனியாக டார்ச் எதற்கு என்று என்னிடம் கேட்காதவர்கள் மேற்குத் தாம்பரத்தில் குறைவு. சர்ச் வாசலில் கேட்டிருக்கிறார்கள், ரேஷன் கடை வரிசையில் கேட்டிருக்கிறார்கள், பல் பிடுங்கப் போன இடத்தில் டாக்டரே கேட்டிருக்கிறார். நான் சிரித்து வைப்பேன். பீரோ நிறையப் புடவை இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்று நான் யாரையும் கேட்டதில்லை.

என் பெயர் ஜாஸ்மின். வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஷெட்டில் ஒரு லேத் மெஷின் வைத்திருக்கிறேன். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்தவள். ஒரு வண்டி உதிரிபாகக் கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் வெகுகாலம் இருந்தேன். அதாவது, அடுத்தவர் செய்ததில் குற்றம் கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. கம்பெனியை இழுத்து மூடியபோது சொந்தக்காரர்கள் தையல் மெஷின் வாங்கச் சொன்னார்கள். நான் லேத் வாங்கினேன். பம்புக்கு புஷ், மாவு மில்லுக்கு ஷாஃப்ட் என்று வயிற்றுப்பாட்டுக்கு வேலை வரும். மனசுக்கு டார்ச்.

டார்ச் பைத்தியம் பிடித்த ஒரு கூட்டம் சென்னையில் இருக்கிறது. கடையில் விற்கிற டார்ச் அவர்களுக்கு ஆகாது. உள்ளே இருக்கும் எல்.இ.டி.யைப் பிடுங்கிவிட்டு வேறொன்றை வைப்பார்கள். அதன் சூட்டை இழுக்க அடியில் செம்புத் தட்டு வேண்டும் என்பார்கள், உடம்பு இன்னும் நீளமாக வேண்டும் என்பார்கள், பிடிக்க வாகாகச் சொரசொரப்புக் கோடு வேண்டும் என்பார்கள். கையால் படம் வரைந்து போனில் அனுப்புவார்கள். நான் கடைந்து கொடுப்பேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் யார் வீட்டு மொட்டை மாடியிலாவது கூடி, வெள்ளைச் சுவரில் அடித்துப் பார்த்து, இது மஞ்சள் கலந்த வெள்ளையா ரோஸ் கலந்த வெள்ளையா என்று சண்டை போடுவோம். பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட அவ்வளவு உற்றுப் பார்க்கமாட்டார்கள்.

அந்தக் கூட்டத்தில் எனக்கு நெருக்கமானவர் முதாசிர் பாய். குரோம்பேட்டை ஸ்டேஷன் பக்கத்தில் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருந்தார். வீடு எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. உடம்பு, அதாவது டியூப், நான் கடைவேன், உள்ளே சால்டரிங் வேலை அவர் பார்ப்பார். அக்கா டியூபும் பாய் சர்க்யூட்டும் என்றால் எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் தனி மரியாதை இருந்தது. அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது என்பதை மறைக்கவில்லை. லேத்தில் நிற்கிற ஆண் ஒரு பீஸைக் கெடுத்தால் பீஸ் கெட்டுவிட்டது என்பார்கள். நான் கெடுத்தால், அப்பவே சொன்னேனே என்பார்கள். இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொண்டு மேலே படித்தால் நல்லது.

மேடவாக்கத்தில் இருக்கும் பிரசன்னாதான் குரூப்பை நடத்துகிறவர். ஐ.டி. வேலை, அடுக்குமாடி வீடு, வாய் ஓயாமல் பேசுகிற பையன். பையன் என்று நான் சொல்கிறேனே தவிர, அவருக்கும் முன்மண்டையில் வழுக்கை ஏறிக்கொண்டு வருகிறது. இந்த வருஷம் அவருக்கு ஓர் ஆசை வந்தது. இரண்டு லித்தியம் செல்களை ஒன்றன் பின் ஒன்றாகப் போடுகிற நீள டார்ச் வேண்டும், வெளிச்சம் பள்ளிக்கரணை சதுப்புநிலத்தின் அக்கரை வரை போக வேண்டும் என்றார். எனக்கும் கை பரபரத்தது.

வேலை எப்படி என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். அலுமினிய ராடின் நடுவில் நீளத் துளை போட வேண்டும். என்னிடம் இருக்கிற போரிங் டூல் அவ்வளவு தூரம் உள்ளே போகாது. அதனால் ஒரு பக்கத்திலிருந்து பாதி போட்டு, ராடைத் திருப்பிப் பிடித்து, மறுபக்கத்திலிருந்து மீதியைப் போடுவேன். இரண்டும் நடுவில் சந்திக்கிற இடத்தில் ஒரு சின்னப் படி விழும், படியின் ஓரத்தில் பிசிறு நிற்கும். கண்ணுக்குத் தெரியாது, விரலுக்கும் எட்டாது. அதற்காக ஒரு குச்சியில் பஞ்சைச் சுற்றி உள்ளே விட்டு இழுப்பேன். பஞ்சு மாட்டினால் பிசிறு இருக்கிறது என்று அர்த்தம். அதே குச்சியில் எமரித் தாளை, அதாவது உப்புத்தாளை, சுற்றித் தேய்த்தால் போய்விடும். நீங்கள் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் முடிகிற வேலை.

பிசிறை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். செல்லின் மேலே மெல்லிய பிளாஸ்டிக் உறை இருக்கும். செல்லை எடுத்துப் போடும்போதெல்லாம் பிசிறு அந்த உறையைக் கீறும். கீறிக் கீறி ஒருநாள் உறை கிழிந்து, மேல் செல்லின் உடம்பு டியூபில் படும். இரண்டு செல் டார்ச்சில் அது ஷார்ட். ஷார்ட் ஆனால் முதலில் சூடாகும்.

எனக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. எந்த வேலை வந்தாலும் ஒன்று உபரியாகக் கடைந்துவிடுவேன். ஒன்று போனால் ஒன்று இருக்கட்டும் என்று கம்பெனியில் பழகியது. பிரசன்னாவுக்கும் அப்படி இரண்டு கடைந்தேன். முதல் டியூபில் பஞ்சு விட்டுப் பார்த்தேன். வாசலில் முதாசிர் பாய் ஸ்கூட்டரை ஆஃப் பண்ணாமல் நின்றிருந்தார், மறுநாள் மேடவாக்கத்தில் கூடுகிறோம், அவர் ராத்திரிக்குள் சால்டர் பண்ணி முடிக்க வேண்டும். எடுத்துக் கொடுத்தேன். உபரி டியூபையும் கொடுத்து, "இது உங்களுக்கு பாய், வச்சுக்கோங்க" என்றேன். அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அப்படிப்பட்ட மனிதர்.

மறுநாள் பிரசன்னா வீட்டு மொட்டை மாடியில் அந்த டார்ச்சை வைத்துக்கொண்டு அவர் போட்ட ஆட்டத்தை மறக்க முடியாது. லிஃப்ட் அறையின் வெள்ளைச் சுவரில் அடித்தார், எதிர் பிளாக்கில் அடித்துத் திட்டு வாங்கினார், கீழே நின்ற தண்ணீர் லாரியின் டிரைவர் மேலே பார்த்துக் கும்பிடும் அளவுக்கு அடித்தார். வந்தவர்கள் எல்லாரும் தங்கள் செல்லைப் போட்டுப் பார்க்க ஆசைப்பட்டார்கள். கழற்றிப் போட்டார்கள், மறுபடி கழற்றிப் போட்டார்கள்.

"அக்கா, செம்ம ஃபினிஷிங் க்கா. ஆனா லைட்டா சூடாகுது பாருங்க" என்று பிரசன்னா டார்ச்சை என் கையில் தொட்டுக் காட்டினார்.

"பவர் ஜாஸ்தி இல்ல, சூடாகத்தான் செய்யும்" என்றேன்.

அவர் மனைவி தீபலட்சுமி வாழைக்காய் பஜ்ஜித் தட்டோடு மாடி ஏறி வந்துகொண்டிருந்தார். சத்தம் கேட்டதும் நான் தெருவில் லாரி டயர் வெடித்தது என்றுதான் நினைத்தேன். தீபலட்சுமி தட்டைக் கைப்பிடிச் சுவரின் மேல் சிந்தாமல் வைத்துவிட்டுத்தான் ஓடிவந்தார். ஏன் அப்படிச் செய்தேன் என்று அவரே பிறகு பலரிடம் கேட்டிருக்கிறார். பிரசன்னாவுக்கு வலது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன. இடது கண்ணில் வெளிச்சம் எது, இருட்டு எது என்ற அளவுக்குத்தான் தெரிகிறது.

போலீஸ் வந்து விசாரித்து, பேட்டரி விபத்து என்று முடித்துக்கொண்டது. தீபலட்சுமி முடித்துக்கொள்ளவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் எங்கள் எல்லாரையும் நிற்க வைத்துக் கேட்டார். "எனக்கு நஷ்டஈடு எதுவும் வேணாம். கேஸும் போடப் போறதில்ல. யார் பண்ண தப்புன்னு மட்டும் தெரியணும். அது தெரியாம என்னால தூங்க முடியல." நியாயமான கேள்வி. நான்தான் முதலில் தலையாட்டினேன்.

டார்ச்சைச் செய்ததில் கைபட்டவர்கள் இரண்டே பேர், நானும் முதாசிர் பாயும். தலைப்பக்கம் உருகிப் போயிருந்தது, அதில் பார்க்க ஒன்றும் இல்லை. டியூப் மட்டும் கரி படிந்து முழுசாக இருந்தது. அதை யாராவது சரியாக அளந்து பார்க்க வேண்டும் என்று குரூப்பில் பேச்சு வந்தது. அளக்கிற கருவியும் பயிற்சியும் யாரிடம் இருக்கிறது? என்னிடம். "அக்கா பார்த்தா சரியா இருக்கும்" என்று முதலில் சொன்னவர் முதாசிர் பாய்தான். வேண்டாம், வேறு யாரிடமாவது கொடுங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார்களே.

டியூப் சில நாள் என் மேஜையில் இருந்தது. கரி படிந்த துளையை அளக்க முடியாது, அதனால் முதலில் துடைத்தேன். பிறகு அளந்தேன். பிறகு பஞ்சு விட்டுப் பார்த்தேன். துளை எல்லா இடத்திலும் சரியான அளவில் இருக்கிறது, பிசிறு எங்கும் இல்லை என்று குரூப்பில் வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். அந்த மெசேஜை இப்போது கேட்டாலும் அதில் ஒரு பொய்கூட இருக்காது.

எதை வைத்துத் துடைத்தேன் என்று யாரும் கேட்கவில்லை. குச்சியில் எமரித் தாளைச் சுற்றித் துடைத்தேன்.

இரண்டு துளையும் சந்திக்கிற அந்த இடத்துக்கு எமரி வந்ததும் ஒரு சின்ன நரநரப்பு கையில் தெரிந்தது. இரண்டு மூன்று இழுப்பில் அது அடங்கிவிட்டது. அந்த நேரம் என் மனசு என்ன நினைத்தது என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். வேலை சுத்தமாக முடிந்தது என்ற ஒரு நிம்மதிதான் இருந்தது. வெட்கம் அப்புறம்தான் வந்தது. வந்தது போகவே இல்லை. சாப்பிட உட்கார்ந்தால் சோற்றுக்கும் வாய்க்கும் நடுவில் வந்து நிற்கிறது. கண்ணாடியில் பொட்டு வைத்துக்கொள்ளும்போதுகூட நெற்றியை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன்.

டியூபில் தப்பில்லை என்றால் மீதி இருப்பது ஒருவர்தான். இதை நான் சொல்லவில்லை, யாரும் சொல்ல வேண்டியும் இருக்கவில்லை. முதாசிர் பாயே அவராகச் சொல்லிவிட்டார். அன்று மத்தியானம் ஷெட் வாசலில் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். லேத் ஷெட்டுக்குள் யாரும் செருப்பைக் கழற்றமாட்டார்கள், காலில் இரும்புத்தூள் குத்தும்.

"நான்தான் க்கா. ஸ்பிரிங்குல சால்டர் கொஞ்சம் ஜாஸ்தியா வெச்சிட்டேன் போலகீது. அது உருகி எங்கயோ தொட்டுக்கிச்சி. யோசிச்சிப் பாத்தா அதான் தோணுது."

"உங்களுக்கு நல்லா ஞாபகம் இருக்கா பாய்?" என்று கேட்டேன். ஒரு வழி திறந்து வைத்தேன் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

"ஞாபகம் எல்லாம் இல்ல. ஆனா உங்க டியூப்ல ஒண்ணியும் இல்லேன்னு ஆயிடுச்சே. அப்போ நான்தான க்கா? அந்தப் புள்ளையோட கண்ணு..." கழற்றிப் போட்ட செருப்பைப் பார்த்துக்கொண்டு, "உங்க பேரையும் சேத்துக் கெடுத்துட்டேன், மன்னிச்சிடுங்க" என்றார்.

அவருக்கு டீ போட்டுக் கொடுத்தேன். "விடுங்க பாய். வேலைன்னு செஞ்சா தப்பு வரத்தான் செய்யும். மனசுல வச்சுக்காதீங்க" என்றேன்.

அவரை நான் மன்னித்தேன். இந்தக் கதையில் எனக்கு மிகவும் வெட்கமான இடம் எது என்று கேட்டால், எமரித் தாளைச் சொல்லமாட்டேன், இந்த டீயைத்தான் சொல்வேன். சர்க்கரை போதுமா என்று வேறு கேட்டேன்.

தீபலட்சுமி ஒருநாள் அவர் கடைக்கு முன்னால் போய் நின்று, குரலை உயர்த்தாமல், "உங்களுக்கும் கண்ணு இருக்கில்ல பாய்?" என்று மட்டும் கேட்டுவிட்டு வந்தாராம். அது அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் காதிலும் விழுந்திருக்கிறது. போனை ரிப்பேருக்குக் கொண்டுவருகிறவர்கள் குறைந்தார்கள். வருகிறவர்களுக்கும் வேலை செய்ய முடியவில்லை, சால்டரிங் ராடைத் தூக்கினால் கை நடுங்குகிறது என்றார். இப்போது போன் கவரும் சார்ஜர் வயரும் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கிறார். கடையில் பாதியை ஜூஸ் போடுகிறவருக்கு விட்டுவிட்டார். குரூப்பிலிருந்து அவரை யாரும் நீக்கவில்லை, அவரே வெளியேறினார். எனக்குத்தான் எல்லாரும் ஆறுதல் சொன்னார்கள். இவ்வளவு நல்ல டியூப் இப்படி வீணாகிவிட்டதே என்று ஒருவர் எழுதினார். நான் கைகூப்பும் படம் ஒன்று போட்டேன்.

இனி உபரி டியூபுக்கு வருகிறேன்.

இரண்டையும் ஒரே டூலில், ஒரே நாளில் கடைந்தேன். டூலின் முனை அன்று மழுங்கியிருந்தது என்பது எனக்கு அப்போதே தெரியும். முதல் டியூபில் பஞ்சு விட்டுப் பார்த்தேன் என்று சொன்னேன் அல்லவா, பஞ்சு மாட்டியது. நூல் மாதிரி ஓர் இழை குச்சியில் நீண்டு வந்தது. அதைப் பார்த்தேன், விரலால் உருட்டி ஊதிவிட்டேன். வாசலில் ஸ்கூட்டர் ஓடிக்கொண்டிருந்தது, வெளிப்பக்கம் கண்ணாடி மாதிரி வந்திருந்தது, இனி அதை மறுபடி பிடித்து ஒரு கீறல் விழுந்துவிட்டால் என்று யோசித்தேன். புழங்கப் புழங்கத் தேய்ந்துவிடும் என்று சொல்லிக்கொண்டேன். இரண்டாவது டியூபில் பஞ்சே விடவில்லை. விட்டால் அதிலும் மாட்டும்.

முதாசிர் பாய் டீ குடித்துவிட்டுப் போன சில நாளில் அவரிடம் போனில் கேட்டேன். "அந்த இன்னொரு டியூபக் கொஞ்சம் குடுங்க பாய், பாலிஷ் போட்டுத் தரேன்."

"அது ரூக்சார் கைல கீது க்கா" என்றார். ரூக்சார் அவருடைய ஒரே மகள். குரோம்பேட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. ரயிலில் வந்து இறங்கி, ரயில்வே சுவரை ஒட்டிய சந்து வழியாகத்தான் வீட்டுக்கு வரவேண்டும். அங்கே விளக்கு எரிந்தால் அதிசயம். "என் கைவேலை அதுல ஒண்ணுகூட இல்ல க்கா. நான் போட்டிருந்த சர்க்யூட்டப் பிச்சிப் போட்டுட்டு, ரெடிமேடா வாங்கி மாட்டிட்டேன். உங்க டியூப் மட்டும்தான் நம்ப சரக்கு. அதான் தைரியமா புள்ள கைல குடுத்தேன்."

நான் திரும்பக் கேட்கவில்லை. இரண்டாம் தடவை கேட்டால் எதற்கு இவ்வளவு அவசரம் என்று நினைப்பார். நினைக்க ஆரம்பித்தால் அவருக்குப் புரிந்துவிடும், அவர் முட்டாள் இல்லை. கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்தேன் என்று நினைக்காதீர்கள். தாம்பரம் மார்க்கெட்டில் நல்லதாக ஒரு பிளாஸ்டிக் டார்ச் வாங்கி, ரூக்சாரின் பிறந்தநாளைக்குக் கொடுத்தேன். அவள் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு, அதை சமையல்கட்டில் வைத்துவிட்டாள். வெளியே எடுத்துப் போக வாப்பா கொடுத்ததுதான் கெத்தாக இருக்கிறதாம். வாரா வாரம் செல்லைக் கழற்றி சார்ஜ் போட்டு, மறுபடி உள்ளே தள்ளுகிறாள். ஒவ்வொரு தடவையும் செல்லின் உறை அந்தப் பிசிறைத் தாண்டித்தான் போக வேண்டும்.

இதையெல்லாம் இன்றைக்கு ஏன் சொல்கிறேன் என்றால், இன்று பெருநாள். சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் ரூக்சார் பிரியாணித் தூக்கோடு வந்தாள். புது சுடிதார், கை நிறைய மருதாணி. அவர்கள் வீட்டுப் பிரியாணி வருஷம் தவறாமல் எனக்கு வரும், இந்த வருஷமும் வந்தது. "வாப்பா முதல்ல உங்களுக்குத்தான் குடுக்கச் சொன்னாரு ஆன்ட்டி" என்றாள். தூக்கை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று கழுவி, நாலு வாழைப்பழம் வைத்துக் கொடுத்தேன்.

தெருவில் கரண்ட் இல்லை. கைப்பையிலிருந்து டார்ச்சை எடுத்துப் போட்டாள். நான் கடைந்த கோடுகள் அவள் விரலுக்கு நடுவில் மின்னின. நல்ல வேலை, அதை நான் சொல்லித்தான் ஆகவேண்டும்.

"கொஞ்ச நாளா இது சூடாகுது ஆன்ட்டி. ரெண்டு நிமிஷம் எரிஞ்சா கைல வெக்க முடியல. ஏன்னு தெரியுமா உங்களுக்கு?"

டார்ச்சை என்னிடம் நீட்டினாள். கையை நீட்டி வாங்கியிருக்கலாம். செல்லை வெளியே எடுத்து மேஜையில் வைத்திருந்தால் போதும், ஒரு வார்த்தை பேசவேண்டியதுகூட இல்லை. ஆனால் கீறிய உறையோடு அந்தச் செல் என் மேஜையில் இருக்கும். நாளைக்கு அவள் வாப்பா வந்து அதை எடுத்துப் பார்ப்பார். ஒரு பார்வை போதும் அவருக்கு. அவர் வீட்டில் அவரே திறந்தால், முதலில் தான் மாட்டிய சர்க்யூட்டைத்தான் சந்தேகப்படுவார்.

"வாப்பாகிட்டயே காட்டும்மா" என்றேன். "அவர்தான சர்க்யூட் மாட்டினாரு."

சரி என்று தலையாட்டிவிட்டுப் போனாள். சந்து திரும்புகிற வரைக்கும் அந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே வந்து பிரியாணியைத் திறந்தேன், சாப்பிட முடியவில்லை, வெட்கமாக இருந்தது. அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன். பிரசன்னாவின் விரலையும் கண்ணையும் எடுத்தது நான். முதாசிர் பாயின் கடையையும் கைநிதானத்தையும் எடுத்ததும் நான்தான். இனி நடக்கப் போவதற்கும் நானே பொறுப்பு, யார் கேட்டாலும் ஒப்புக்கொள்வேன்.

போன் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் பெருநாளும் அதுவுமாக, வீடு நிறைய விருந்தாளிகள் இருக்கும்போது கூப்பிட்டு இப்படி ஒரு விஷயத்தைச் சொல்வது நாகரிகம் இல்லை. விருந்தெல்லாம் முடியட்டும், காலையில் பேசிக்கொள்ளலாம். அதற்குள் ரூக்சார் அவரிடம் காட்டியிருப்பாள், அவரே திறந்து பார்த்து சரிபண்ணியிருப்பார். முதாசிர் பாய் ரொம்பக் கவனமான ஆள், அவர் வேலையில் தப்பு வராது.